மண்ணும் நீரும் – 11: எத்தனை அடி உயரம், எவ்வளவு இறுக்கம்?

கடலூரின் மஞ்சக்குப்பமும் செம்மண்டலமும் தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவே இருக்கின்றன. தெற்கே வீராணம், அதற்கப்பால் கொள்ளிடம். 2015 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் வெள்ளத்தில் தவித்த மாவட்டம் இது. தண்ணீர் வடிந்ததும் கரையை உயர்த்தச் சொல்லிக் கேட்கிறோம், நியாயமான கோரிக்கைதான். ஆனால் எத்தனை அடி உயர்த்தினார்கள் என்று பார்க்கும் நாம், கொட்டிய மண்ணை எவ்வளவு இறுக்கினார்கள் என்று கேட்பதில்லை. கரை நிற்குமா உடையுமா என்பதற்கு விடை பெரும்பாலும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் நீர்வழங்கல் துறைப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் இதை அளந்து காட்டினார். காய்ந்த மண்ணை எவ்வளவு அடித்தாலும் துகள்கள் ஒன்றையொன்று உரசித் தடுக்கும். சிறிது ஈரம் சேர்ந்தால் நகர்ந்து நெருங்கும். ஈரம் மிகுந்துவிட்டால் இடைவெளியை நீரே நிரப்பிக்கொள்ளும். நீரை அமுக்க முடியாது. எனவே ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிகவும் இறுகும் ஈரப்பதம் ஒன்று உண்டு. வண்டலுக்கு உள்ளது களிமண்ணுக்குப் பொருந்தாது. நெடுஞ்சாலைக் கரைகளுக்கு, ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 விழுக்காட்டையாவது களத்தில் எட்ட வேண்டும் என்பது இந்திய விதி. அதற்காகத்தான் மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டுகிறார்கள். டிப்பரில் வந்ததை மொத்தமாகக் குவித்து, பொக்லைன் வாளியால் மேலே தட்டினால் மேற்பரப்பு மட்டுமே இறுகும். ஒரு கணக்கு: கன மீட்டருக்கு 1,750 கிலோ காய்ந்த எடை வரை இறுகக்கூடிய மண்ணை 1,400 கிலோவில் விட்டுவிட்டு 5 மீட்டர் கரை எழுப்பினால், அது பின்னாளில் 95 விழுக்காட்டுக்கு இறுகும்போது முக்கால் மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய உயரம் அப்படித்தான் காணாமல் போகிறது.

பிராக்டர் பிறக்கும் முன்பே, பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணத்தின் கரை நிற்கவில்லையா என்று கேட்கலாம். நிற்கிறது; இன்று சென்னைக்கும் குடிநீர் தருகிறது. ஆனால் இயந்திரம் இல்லாத காலத்தில் கூடையில் சுமந்து கொட்டிய மண் சிறிது சிறிதாகத்தான் உயர முடியும். சுமப்பவர்களின் காலடியே அதை மிதித்து இறுக்கும். அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் பராமரிப்பும் நடந்திருக்கிறது. நம் அவசரத்தில் இல்லாமல் போனது அந்த நிதானம். நாலு மழையில் தானே இறுகிவிடும் என்பது இன்னொரு வாதம். இறுகும், ஆனால் ஒரே சீராக அல்ல. ஓரிடம் அதிகம் தாழும், பக்கத்தில் விரிசல் விடும். பழைய கரையும் புதிய மண்ணும் சேரும் இடத்தில் கசிவு வழி தேடும். கசியும் நீர் துகளை இழுத்துச் சென்று உள்ளேயே துளை போடும். வெள்ளம் நெருங்கும் இரவில் சோதனைக்கு நேரமில்லை என்பதை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். அன்று மணல் மூட்டைதான் வழி. ஆனால் மூட்டை அடுக்கிய இடத்தை அடுத்த கோடையில் வெட்டியெடுத்து, அடுக்கடுக்காகத் திரும்பக் கட்ட வேண்டும். அந்த வேலைக்கான பணத்தைக் கொட்டிய கன மீட்டரைக் கணக்கிட்டு மட்டும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு அடுக்கிலும் எடுத்த அடர்த்திச் சோதனையின் முடிவு, வேலையிடத்துப் பலகையில் மதிப்பீட்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.