நெடுந்தீவுப் பிள்ளை எந்தக் கணக்கில் வருகிறது?

நெடுந்தீவில் எட்டாம் தரம் படிக்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். புதிய தவணை தொடங்கும்போது அந்தப் பிள்ளை வகுப்பில் இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் நின்று பட்டினப் பாடசாலையொன்றில் சேர்ந்திருக்கலாம். அல்லது படிப்பை விட்டுவிட்டுத் தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கலாம். இரண்டுக்கும் இடையில் ஒரு வாழ்நாளின் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் எடுக்கும் பாடசாலைக் கணக்கெடுப்பின் தொகையில் இரண்டும் ஒன்றுதான்: எட்டாம் தரத்தில் ஒருவர் குறைவு.

பிள்ளை எங்கே என்று அறியக்கூடிய அலுவலகங்கள் பல உண்டு. கிராம அலுவலரிடம் குடும்பப் பதிவு இருக்கிறது. சாதாரண தரம் எழுதினால் பரீட்சைத் திணைக்களத்தில் சுட்டெண் இருக்கும். குடும்பம் அஸ்வெசும பெற்றால் அங்கேயும் ஒரு விண்ணப்பம். தேசிய அடையாள அட்டைக்கு அதிபர் ஊடாக விண்ணப்பித்திருந்தால் ஆட்பதிவுத் திணைக்களத்திலும் ஒரு கோவை. ஒன்றில் உள்ளது மற்றதற்குத் தெரியாது. இந்தப் பதிவுகளை ஒழுங்கான விதிகளுக்கு உட்பட்டு இணைத்து, ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் பயன்படுத்துவதைத்தான் தரவுப் பகிர்வு என்கிறார்கள்.

தீவகத்துக்கு இது ஏன் முக்கியம்? 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இல் விதி வந்தது. இடைவிலகிய பிள்ளையைத் தேடிப் போகவேண்டுமானால், இடம்மாறிய பிள்ளையிலிருந்து அதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஆசிரியர் பிரச்சினையும் இப்படித்தான். ஒரு பாடசாலையில் பிள்ளைகள் குறைவென்றால், மாணவர்–ஆசிரியர் விகிதத்தில் அங்கே ஆசிரியர் மிகையாக இருப்பதுபோலத் தோன்றும். அதே பாடசாலையில் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆளில்லாமல் இருக்கலாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல். காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாளில் பட்டினத்திலிருந்து வரும் ஆசிரியரும் வரமுடியாது. பெயர்ப்பட்டியலில் அவர் இருப்பார். படகுச் சேவையின் பதிவையும் பாடசாலை வரவுப் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஆண்டில் எத்தனை நாள் பாடம் நடந்தது என்பது தெரியும்.

நமக்குக் கணக்கே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. 1981க்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் முழுமையான குடிசனத் தொகைமதிப்பு நடந்தது 2012இல்தான். 1991இல் நாட்டில் எங்குமே நடக்கவில்லை; 2001இல் யாழ்ப்பாணத்தில் நடத்த முடியவில்லை. இடைப்பட்ட 31 ஆண்டுகளில்தான் 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். யார் திரும்பி வந்தார்கள், யாருடைய பிள்ளைகள் வேறெங்கோ படித்தார்கள் என்பதைத் தொடர்ந்து காட்டும் எண்கள் கிடையாது.

இருக்கிற எண்களிலும் மாவட்டச் சராசரி நம்மை மறைக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு 55 வீதம். நெடுந்தீவிலிருந்து உயர்தரம் எழுதும் பிள்ளை யாழ் நகரின் பெரிய கல்லூரி மாணவர்களோடு ஒரே மாவட்டப் பட்டியலில்தான் போட்டியிடுகிறது. யாழ்ப்பாணம் கல்வியில் முன்னணி என்று கொழும்பில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் அனலைதீவும் எழுவைதீவும் அகப்பட்டுக்கொள்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாசகர்களில் பலருக்கு எழும் கேள்வி எனக்கும் உண்டு. நம் விவரத்தை அரசின் எல்லா அலுவலகங்களுக்கும் கொடுக்கச் சொல்கிறீர்களா? போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு குடும்பப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். 2006இல் ஏ9 பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அனுமதிக்காகக் காத்திருந்தவர்கள். போர் முடிந்த பிறகும், 2011இல், இராணுவம் யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பதிவு எடுத்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போகவேண்டி வந்தது. பட்டியல் என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள் உண்டு.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. இங்கிலாந்தில் மாணவர் தரவுத்தளம் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. ஆனால் 2015இல் செய்யப்பட்ட உடன்பாடு ஒன்றின்படி, மாதம் 1,500 பிள்ளைகள் வரையிலான விவரங்களைக் குடிவரவுக் கட்டுப்பாட்டுக்காக உள்துறை அமைச்சு கேட்டுப்பெறலாம் என்பது பின்னர் வெளிவந்தது. 2016இல் பாடசாலைக் கணக்கெடுப்பில் பிள்ளையின் பிரஜாவுரிமையையும் பிறந்த நாட்டையும் கேட்டார்கள். பெற்றோர் எதிர்த்தார்கள், 2018இல் அந்தக் கேள்விகள் நீக்கப்பட்டன. படிப்புக்காகக் கொடுத்த தரவு வேறு வேலைக்குப் போனதுதான் அங்கே நடந்த தவறு.

"பெயரை நீக்கிவிட்டுத் தருகிறோம்" என்பது வழக்கமான பதில். கொழும்பில் அது போதுமாக இருக்கலாம், நயினாதீவில் போதாது. ஒரு தரத்தில் நான்கு பிள்ளைகள், அதில் ஒருவருக்குத் தகப்பன் இல்லை, ஒருவர் மாற்றுத்திறனாளி என்று அட்டவணையில் போட்டால் ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். இதைத் தவிர்க்கப் புள்ளிவிவரத் துறையினர் மிகச் சிறிய எண்களை மறைத்துவிடுவார்கள். அப்போது இன்னொரு சிக்கல் வருகிறது: பாதுகாப்புக்காக மறைத்த கட்டங்களில் பெரும்பாலானவை சின்னத் தீவுகளாகவே இருக்கும், திட்டமிடுபவரின் அட்டவணையில் அவை வெற்றிடம். இதற்கு ஒரு வழி, பொதுவெளியில் மூன்று நான்கு ஆண்டுகளின் எண்களைச் சேர்த்து வெளியிடுவது. முழு விவரத்தைப் பொறுப்பேற்ற சில ஆய்வாளர்கள் மட்டும், பூட்டிய கணினி அறையில், எதையும் வெளியே கொண்டுபோக முடியாதபடி பார்க்கவேண்டும். பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. நல்ல விடயம்தான், ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டே வந்தது. அதற்கிடையில் கல்வி அமைச்சின் நெமிஸ் தகவல் முறைமையும், இந்திய உதவியுடனான டிஜிட்டல் அடையாளத் திட்டமும் பேசப்படுகின்றன. யார் எதற்காகப் பார்க்கலாம், பாதுகாப்புத் தரப்பு கேட்டால் என்ன பதில் என்பதை இணைப்புக்கு முன்பே எழுத்தில் வைக்கும்படி கேட்க இதுவே நேரம்.

ஆரம்பிக்கப் பெரிய கணினி முறைமை தேவையில்லை. பிள்ளை பாடசாலை மாறும்போது விடுகைப் பத்திரம் கொடுக்கிறார்கள். சேர்க்கும் பாடசாலை அதை வாங்கி வைக்கிறது. கடந்த மூன்றாண்டுகளில் தீவகப் பாடசாலைகள் கொடுத்த விடுகைப் பத்திரங்கள் எத்தனை, அவற்றில் வேறு பாடசாலையில் சேர்ந்ததாக உறுதியானவை எத்தனை? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பெயர்கள் கேட்காமல் எண்களை மட்டும், எந்தப் பெற்றோரும் வலயக் கல்விப் பணிமனையில் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.