காதல் மறுப்பும் கூட்டு உழைப்பும்: ஒரு றொக் பாடலின் வெற்றி பற்றிய சில குறிப்புகள்

வெகுசனப் பாடல்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றில் நின்றுவிடுகின்றன. ஒரு சாரார் அவற்றை இளைஞர் உணர்வின் இயல்பான வெளிப்பாடாகக் கொள்வர். மறுசாரார் வணிக நிறுவனங்கள் சந்தைக்கென ஆக்கும் நுகர்பொருளென ஒதுக்குவர். ஒரு பாடல் எத்தகைய உழைப்பினால், எத்தகைய உற்பத்தி நிலைமைகளில் உருவாகிறது என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. பிரித்தானிய றொக் இசைக்குழுவான ரென் சீசீ 1975இல் வெளியிட்ட ‘ஐம் நொற் இன் லவ்’ என்னும் பாடல் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

எரிக் ஸ்ருவேட், கிரகம் கோல்ட்மன், கெவின் கொட்லி, லொல் கிறீம் ஆகிய நால்வரே இக்குழுவினர். ‘நான் காதல் வயப்படவில்லை’ எனப் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட இப்பாடலில், ஓர் ஆண் தன் காதலை அடுத்தடுத்து மறுக்கின்றான். சுவரில் அவளது படத்தை மாட்டியிருப்பதுகூட அங்குள்ள கறையை மறைப்பதற்கே என்கின்றான். ஒவ்வொரு மறுப்பும் அவனது காதலுக்குச் சான்றாகிவிடுகிறது. அன்பை அடிக்கடி வாய்விட்டுச் சொல்வதில்லை என்று மனைவி குறைபட்டதிலிருந்தே இக்கருத்துத் தோன்றியதாக ஸ்ருவேட் பின்னாளில் விளக்கியுள்ளார். ஓயாது சொல்லப்படும் சொல் பொருளிழந்துவிடும் என்பது அவரது எண்ணம். காதற் சொற்கள் தேய்ந்த நாணயங்களாகப் புழங்கிய ஒரு சந்தையில், அச்சொற்களைச் சொல்ல மறுப்பதன் மூலமே உணர்வை மீட்டெடுக்க முயன்றது இப்பாடல்.

ஸ்ருவேட்டும் கோல்ட்மனும் இதனை முதலில் பிரேசிலிய பொசா நோவாத் தாளத்தில் அமைத்தனர். கொட்லி அதனை விரும்பவில்லை; அப்பதிவு கைவிடப்பட்டு அழிக்கப்பட்டது. ஆயினும் ஒலிப்பதிவுக் கலையகத்தில் பணிபுரிந்தோர் அம்மெட்டைத் தொடர்ந்து முணுமுணுத்து வந்தமை குழுவினரை மீண்டும் சிந்திக்க வைத்தது. வாத்தியங்களைக் குறைத்து மனிதக் குரல்களையே அடித்தளமாக்கலாம் என்ற யோசனையைக் கொட்லி முன்வைத்தார். முடிவற்று ஒலிக்கும் குரலை நாடா வளையங்களால் பெறலாம் என்ற வழியைக் கிறீம் காட்டினார்.

இதன் செயன்முறை நோக்கத்தக்கது. கோல்ட்மன், கொட்லி, கிறீம் ஆகிய மூவரும் ஒவ்வொரு சுரத்தையும் ‘ஆ’ என்ற ஒலியில் பதினாறு தடவைகள் பாடினர். ஸ்ருவேட் பதிவு செய்தார். இவ்வாறு ஒரு சுரத்துக்கு 48 குரல்கள் கிடைத்தன. இப்பணி ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடித்தது. ஒவ்வொரு சுரத்தின் பதிவும் நீண்ட நாடா வளையமாக இணைக்கப்பட்டு, இடையறாது ஒலிக்கும் சுருதியாயிற்று. இவ்வொலிகள் பதினாறு தடப் பதிவுக்கருவியின் தனித்தனித் தடங்களுக்கு மாற்றப்பட்டன. பின்னர் நால்வரும் ஒலிக்கலப்பு மேசையின் முன் நின்று, ஒலியளவுக் கட்டைகளை ஏற்றியும் இறக்கியும் அம்மேசையையே ஒரு வாத்தியமாக இயக்கினர். பாடலின் இடையே கேட்கும் பெண்ணின் மெல்லிய குரல், கலையகத்தில் அலுவலராகப் பணியாற்றிய ஒருவருடையது.

இத்தகைய உழைப்பு எவ்வாறு இயலுமாயிற்று? மஞ்செஸ்ரர் நகரை அடுத்த ஸ்ரொக்போட்டில் அமைந்த ஸ்ரோபெரி கலையகத்தில் ஸ்ருவேட்டும் கோல்ட்மனும் பங்காளராயிருந்தனர். மணிக்கணக்கில் வாடகை செலுத்திப் பதிவு செய்யும் குழுவொன்று மூன்று வாரங்களை ஒரே ஓசைக்குச் செலவிடுவது அரிது. உற்பத்திச் சாதனம் கலைஞர் கைவசம் இருந்தமையே இப்பரிசோதனைக்கு அடிப்படையாகும். கலைத்திறனை மட்டும் புகழ்வோர் இதனைக் காணத் தவறுவர்.

எனினும், ஆக்கத்தில் கிடைத்த இச்சுதந்திரம் விநியோகத்தில் நீடிக்கவில்லை. ஆறு நிமிடங்களுக்கு மேற்பட்ட இப்பாடல் வானொலியின் வழமையான கால அளவினுள் அடங்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் நான்கு நிமிடங்களுக்கும் குறைவாக வெட்டப்பட்ட இசைத்தட்டு வெளியாயிற்று. அங்கு பில்போட் தரவரிசை விற்பனையுடன் வானொலி ஒலிபரப்பையும் கணக்கிற்கொண்டமையால், ஒலிபரப்புக்கேற்ற நீளம் வெற்றிக்கு இன்றியமையாததாயிற்று. பிரித்தானியாவில் 1975 ஜூன் இறுதியிலிருந்து இரு வாரங்கள் இப்பாடல் முதலிடம் வகித்தது. அமெரிக்காவில் மூன்று வாரங்கள் இரண்டாம் இடத்தில் நின்றது. அம்மூன்று வாரங்களிலும் மூன்று வெவ்வேறு பாடல்கள் முதலிடத்தைப் பெற்றன.

தரவரிசை விற்பனையை அளக்கும். உழைப்பின் பங்கீட்டை அளப்பதில்லை. பாடலாக்கத்துக்குரியோர் என ஸ்ருவேட், கோல்ட்மன் ஆகிய இருவர் பெயரே பதிவாயிற்று. மெட்டையும் சொல்லையும் ஆக்கியோர் அவர்களே என்பதனால் இதிற் பிழையில்லை. ஆயின் இப்பாடலை இப்பாடலாக்கிய ஓசைக்கு அவ்வகைப் பதிவில் இடமில்லை. குரற்படலத்தைக் கருதிய கொட்லியும், வளையங்களைக் கருதிய கிறீமும் 1976இல் குழுவினின்று விலகினர். ஏனைய இருவரும் அதே பெயரில் இயங்கினர்.

இன்று விசைப்பலகையொன்றின் மூலம் இத்தகைய குரற்கூட்டத்தை நொடியில் எழுப்பலாம். அதனால் அன்றைய உழைப்பின் பெறுமதி குன்றிவிடாது. தன் காதலை மறைக்க முயலும் தனி மனிதனின் குரலுக்குப் பின்னால், பலமுறை பாடிச் சேர்த்த குரல்கள் அவன் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவ்வுணர்வு கேட்போரைத் தொட்டதற்கு அக்கூட்டு உழைப்பே காரணம். வெகுசனக் கலையை மதிப்பிடுவோர் தரவரிசையின் எண்ணுடன் அமையாது, அவ்வெண்ணின் பின்னே மறைந்துபோகும் கைகளையும் குரல்களையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.