காற்று மறைவில் போடி

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் பாம்பன் பக்கத்து மீனவர்கள் தென்கடலை விட்டு வடகடலுக்குத் தொழிலை மாற்றிக்கொள்வார்கள். மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாம்பன் தீவு குறுக்கே நிற்பதால் பாக் விரிகுடாவில் அலை அடங்கியிருக்கும். வாடைக் காற்றில் எல்லாம் தலைகீழ்.

இந்த மறைவைத்தான் பாய்மரக் கப்பல்காரர்கள் ‘லீ’ என்றார்கள். காற்று வரும் பக்கம் ‘வின்ட்வேர்ட்’, போகும் பக்கம் ‘லீவேர்ட்’. கப்பலின் இடமும் வலமும் மாறாதவை. வின்ட்வேர்டும் லீவேர்டும் காற்று திரும்பினால் திரும்பிவிடும். இன்றும் துறைமுக பைலட் ஏற வரும்போது, பெரிய கப்பல் தன் உடம்பைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி, மறைவான பக்கத்தில் கயிற்றேணியை இறக்கும். சிறு படகு அங்கேதான் நிதானமாக ஒட்டி நிற்க முடியும்.

போடிநாயக்கனூருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே அப்படியொரு கப்பல். ஜூலையில் போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பஸ் ஏறினால் கண்ணால் பார்க்கலாம். கீழே புழுதி, வெயில். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மெட்டைத் தொட்டால் மூடுபனி. அதற்கப்பால் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்கள் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும்.

அரபிக்கடலின் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்து இந்தப் பக்கம் இறங்கும் காற்று, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடேறும். மெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மேலே ஸ்வெட்டர் தேடியவர் கீழே வியர்ப்பதற்குக் காரணம் இது. எப்போதாவது மலையைத் தாண்டிச் சாரல் தெறிக்கும், அதோடு சரி.

மழை வேண்டும் என்பதற்காக ஏலச்செடி காற்றைத் தாங்கிவிடாது. பலத்த காற்றில் அதன் நீண்ட இலைகள் நார் நாராகக் கிழிந்துபோகும். தோட்டத்து நிழல் மரங்கள் வெயிலை மட்டுமல்ல, காற்றையும் மறைக்கின்றன. ஈரமான மேற்குச் சரிவிலும் செடி தனக்கொரு சின்ன மறைவைத் தேடிக்கொள்கிறது.

போடியை ‘மழை மறைவுப் பகுதி’ என்று பாடப்புத்தகப் பாணியில் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது தென்மேற்குக் காற்றுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது போடிச் சரிவுதான் காற்றுமுகம். குரங்கணி மலைகளில் பெய்யும் மழை கொட்டகுடி ஆற்றில் இறங்கி, போடி வழியாக வைகைக்குப் போகிறது. சமவெளி மானாவாரிக்காரர்கள் நம்பியிருப்பதும் இந்த மழையைத்தான்.