ஏற்காட்டில் கல்யாணமா? கணக்கில் வராத செலவுகள் எத்தனை!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். இரண்டு காரியமும் நினைத்த பணத்தில் முடிவதில்லை. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்லி வைத்தார்கள்.

சமவெளிக் கல்யாணத்துக்கே இந்தக் கதி என்றால், மலைமேல் நடக்கும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

சேலத்துக்கு அருகே சேர்வராயன் மலையில் இருக்கிறது ஏற்காடு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பித் தோட்டங்களும், மரங்களைச் சுற்றிப் படரும் மிளகுக் கொடிகளும், ஏரியும் நிறைந்த அழகான ஊர்.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கல்யாணமும் அங்கேதான். "குளுகுளு இடத்தில் நம் வீட்டுக் கல்யாணம் நடக்கட்டும்" என்று கீழேயிருந்து ஏறி வருகிறவர்களும் உண்டு. இரண்டு வகையினரும் முதலில் போடும் கணக்கு ஒன்றுதான்: மண்டபம், சாப்பாடு, நகை, துணி.

இந்த நான்கும் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். குடும்பத்தைக் கடனில் தள்ளுவது கண்ணுக்குத் தெரியாத செலவுகள்!

வளைவு ஏறும் ஒவ்வொன்றுக்கும் கூலி

மலைக் கல்யாணத்தில் முதல் மறைமுகச் செலவு, ஏற்றுக் கூலி.

பூவும் மாலையும் சேலத்து மார்க்கெட்டிலிருந்து வரவேண்டும். மளிகையும் பெரும்பாலும் கீழேயிருந்துதான் வரவேண்டும். சமையல்காரர், நாதஸ்வரக்காரர், பந்தல் போடுகிறவர், போட்டோ எடுப்பவர் என்று யார் கீழேயிருந்து வந்தாலும் அவர்களுக்கு வண்டி வேண்டும். வண்டி வாடகை பேசும்போது மலை ஏற்றத்துக்குத் தனி ரேட் உண்டா, டிரைவர் படி யார் கொடுப்பது, இரவு தங்கினால் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது விருந்தினர் தங்கும் செலவு. சமவெளியில் ரிசப்ஷன் முடிந்ததும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மலையில் இரவு நேரத்தில் குழந்தை குட்டிகளோடு இருபது வளைவும் இறங்க யார் துணிவார்கள்? அவர்களுக்கு அறை வேண்டும். குளிருக்குக் கம்பளி வேண்டும். குளிக்க வெந்நீர் வேண்டும். காலையில் காப்பி, பலகாரம் வேண்டும். எண்பது பேர் தங்கினால் எண்பது பேருக்கும் இது அத்தனையும் உங்கள் பொறுப்பு!

மாதம் பார்க்காமல் நாள் பார்க்காதீர்கள்

நாள் பார்க்க ஜோசியரிடம் போகிறோம். செலவைப் பார்க்க எந்தக் காலண்டரைப் பார்க்கிறோம்?

ஏற்காட்டில் மே மாதம் உல்லாசப் பயணிகள் வந்து குவியும் காலம். கோடை விழாவும் அப்போதுதான் நடப்பது வழக்கம். அந்தச் சமயத்தில் சித்திரை, வைகாசி முகூர்த்தம் வைத்தால் அறை வாடகை ஏறும். சாலையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்.

ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப் பாதையில் மண் சரிந்து, போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு என்றாலும், பெருமழையில் எந்த மலைப் பாதையையும் நம்ப முடியாது. மழைக்காலத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டாரும் சமையல் சாமானும் ஒரு நாள் முன்னதாகவே மலை ஏறிவிட வேண்டும். அந்த ஒரு நாள் செலவையும் கணக்கில் சேருங்கள்.

காப்பிப் பழம் பறிக்கும் வேலை கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மும்முரமாக நடக்கும். தோட்ட வேலையை நம்பியிருக்கும் குடும்பத்தின் கையில் காசு புழங்குவதும் அப்போதுதான். மாசி, பங்குனியில் முகூர்த்தம் வைத்தால் பறிப்புக் கூலி கைக்கு வந்திருக்கும். மழையும் இராது, கோடைக் கூட்டமும் தொடங்கியிராது.

பவுனுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது

"ஐந்து பவுன் போடுகிறோம்" என்று சபையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கடையில் கொடுக்கும் பணம் ஐந்து பவுனின் விலை மட்டும்தானா?

கணக்குக்காக ஒரு பவுன் 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து 12 சதவீதம் என்றால் 12,000 ரூபாய். இந்த 1,12,000 ரூபாய்க்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 3,360 ரூபாய். ஆக ஒரு பவுன் நகை 1,15,360 ரூபாய். ஐந்து பவுனுக்கு 5,76,800 ரூபாய்!

ஐந்து லட்சத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர் மீதி 76,800 ரூபாய்க்கு எங்கே போவார்? அவசரத்தில் வட்டிக்குத்தான் வாங்குவார்.

ஆகவே பவுன் விலையைக் கேட்பதற்கு முன் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். நகையில் ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மண்டபம் பிடிக்கும்போதும், சொல்லும் வாடகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, கரண்டு, ஜெனரேட்டர், துப்புரவுக் கூலி தனியா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வராத பணத்தை வரவில் எழுதலாமா?

செலவைக் குறைத்து எழுதுவது ஒரு தவறு. வரவைக் கூட்டி எழுதுவது அதைவிடப் பெரிய தவறு.

மொய்ப் பணம் வரும் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மொய் வருமானம் அல்ல. அதுவும் ஒரு கடன்தான். இன்று எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நாளை நீங்கள் திருப்பி எழுதியாக வேண்டும்.

அரசாங்க உதவியும் அப்படித்தான். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவ 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தில், பிற்காலத்தில் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022-ல் அந்தத் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் "புதுமைப் பெண்" திட்டமாக மாற்றப்பட்டது. பழைய நினைப்பில் தங்கத்தை வரவில் எழுதாதீர்கள். இன்றைக்கு எந்த உதவி நடைமுறையில் இருக்கிறது, உங்களுக்குத் தகுதி உண்டா என்று சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். மனு ஏற்கப்பட்ட பிறகே எழுதுங்கள்.

தாலி கட்டியதும் முடிந்துவிட்டதா?

கல்யாணம் ஒரு நாள். செலவு ஒரு வருஷம்!

மறுவீட்டு விருந்து, தாலி பிரித்துக் கோர்ப்பது, ஆடிச் சீர், தலைத் தீபாவளி, தலைப் பொங்கல், பிறகு வளைகாப்பு என்று வரிசையாக வரும். கல்யாணத்தன்றே கையிருப்பு முழுவதையும் கரைத்துவிட்டால், முதல் சீருக்கே மகளின் நகை அடகுக் கடைக்குப் போகும்.

சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களிடையே, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுப்பது பழைய வழக்கம். (மலையாளி என்றால் கேரளத்தார் அல்ல, மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள்.) அந்த வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் கை நீட்டி நிற்க வேண்டியதில்லை. கீழே என்ன நடக்கிறது? வரதட்சணையைத் தடுக்க 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்று பேர் மாற்றிக் கேட்கிறார்கள். இப்படிப் பூசி மெழுகிய பேச்சில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. கேட்டு வாங்குவது எந்தப் பெயரில் வந்தாலும் வரதட்சணைதான். அதை மறுக்கச் சட்டமே துணை நிற்கிறது.

ஒரு நோட்டு வாங்குங்கள்

நிச்சயதார்த்தத்துக்கு முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் செலவின் பெயர். இரண்டாவதில் நீங்கள் நினைக்கும் தொகை. மூன்றாவதில் நேரில் விசாரித்துத் தெரிந்த தொகை.

பத்திரிகைக்கு 300 பேர் என்றால், பந்திக்கு 400 இலை என்று எழுதுங்கள். ஓர் இலை 150 ரூபாய் ஆனால், அந்த 100 இலைக்கே 15,000 ரூபாய் ஆகிறது அல்லவா? மொத்தம் கூட்டியபின் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு என்று தனியே வையுங்கள். மூன்று லட்சத்தில் கல்யாணம் என்றால் அறுபதாயிரம் தனியே இருக்கட்டும்.

அது கையில் இல்லையா? அப்படியானால் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். விருந்தைச் சுருக்குங்கள். கோயிலிலோ சர்ச்சிலோ எளிமையாக நடத்தி, 90 நாளுக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள். எளிமையாக நடந்த கல்யாணத்துக்கும் சட்டத்தில் அதே மதிப்புத்தான்.

நூற்றுக்கு மூன்று வட்டியில் ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய், வருஷத்துக்கு 36,000 ரூபாய் வட்டியாகவே போகும். அசல் அப்படியே நிற்கும். பந்தியில் சாப்பிட்டவர்கள் மறுநாளே மலை இறங்கிவிடுவார்கள். வட்டி கட்டப் போவது பெண்ணைப் பெற்றவர்கள்தான். பாயசம் ஒன்றா இரண்டா என்பது யாருக்கும் நினைவிராது. கடன் இல்லாமல் கல்யாணத்தை முடித்த வீட்டில் அன்றிரவு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்!