வர்க்கமூலம் எங்கே போயிற்று?

சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுகிறீர்கள். நாம் தரும் எண்ணுக்கு அது வர்க்கமூலம் கண்டு சொல்ல வேண்டும். அதற்கான ‘மேத்.ஹெச்’ கோப்பையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டீர்கள். ஆயினும் லினக்ஸ் கணிப்பொறியில் ஜிசிசியிடம் கொடுத்தால், ‘எஸ்கியூஆர்டி’ என்ற பெயருக்குரியது கிடைக்கவில்லை என்று பிழை வரக்கூடும். நிரலில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. பின் ஏன் இப்படி?

நிரல் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதலில் கம்பைலர் நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. வர்க்கமூலம் காணும் பகுதி நம் நிரலில் இல்லையாதலால், அந்த இடத்தில் பெயரை மட்டும் குறித்து வைக்கிறது. அடுத்து வருவது லிங்கர். அது நூலகத்தைத் தேடி, அந்தப் பெயருக்குரிய பகுதியை நிரலோடு இணைக்கிறது.

நூலகம் என்பது வெறும் உவமையன்று. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறிக்கு, அடிக்கடி தேவைப்படும் கணக்குமுறைகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் சேர்த்து வைத்திருந்தார்கள். வேண்டியதைத் தம் நாடாவில் படியெடுத்துக் கொள்வார்கள்.

‘மேத்.ஹெச்’ நூலகத்தின் அட்டவணைச் சீட்டைப் போன்றது. இப்படியொரு புத்தகம் உண்டு என்று அது சொல்லும். ஆனால் சீட்டு புத்தகமாகிவிடாது. லினக்ஸில் கணித நூலகம் தனியாக உள்ளது. கட்டளையில் ‘-எல்எம்’ என்று சேர்த்தால்தான் லிங்கர் அதைத் திறந்து பார்க்கும்.

சேர்த்தும் பிழை வருகிறதா? வரிசையைப் பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. நூலகத்தை முதலில் கண்டால், அப்போது எந்தப் பெயரும் தேவைப்படாததால் எதையும் எடுக்காமல் கடந்து போகக்கூடும். ஆகவே நிரல் முன்னே, நூலகம் பின்னே இருக்க வேண்டும். நூலகக் கோப்பையே காணோம் என்று செய்தி வந்தால் அது வேறு குறை. கோப்பு இருக்கும் இடத்தை ‘-எல்’ என்ற பெரிய எழுத்தால் சுட்ட வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 2.0 என்ற எண்ணை நிரலிலேயே எழுதி அதன் வர்க்கமூலத்தைக் கேளுங்கள். ‘-எல்எம்’ இல்லாமலே பெரும்பாலும் விடை வரும்! மாறாத எண் என்பதால் கம்பைலரே கணக்கிட்டு விடையை எழுதிவிடுகிறது, நூலகத்துக்கு வேலையில்லை.

பிழைச் செய்தியைக் கண்டதும் நிரலைத் திருத்தப் புகாதீர்கள். செய்தி கம்பைலருடையதா, லிங்கருடையதா என்று முதலில் பாருங்கள். லிங்கருடையது என்றால், எந்தப் பெயர், எந்த நூலகம், எந்த வரிசை என்ற மூன்று கேள்விகளே பெரும்பாலும் போதும்.