நிவாரணத்துக்குப் பிந்தைய பணம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்த 65க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அரசின் பணம் தாமதமின்றி அறிவிக்கப்பட்டது. இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும், சிகிச்சை பெற்றோருக்குத் தலா 50,000 ரூபாயும், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் 5 லட்சம் ரூபாய் நிலை வைப்பும் அந்த அறிவிப்புகளில் அடங்கும். இது நிவாரணம்; நேர்ந்துவிட்ட இழப்பை அளந்து, ஒருமுறையோ குறிப்பிட்ட காலம் வரையோ வழங்கப்படுவது. பிழைத்து வந்தவர் மறுபடி குடிக்காமல் இருப்பதற்கும், தினக்கூலியை இழந்த வீட்டில் பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் இருப்பதற்கும், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கும் பெண்ணுடன் துணைக்கு ஒருவர் செல்வதற்கும் வேண்டிய பணம் வேறு வகையானது. அது பெரும்பாலும் அதே தெருவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றும் ஒருவரின் மாதச் சம்பளமாகவே செலவாகும். அரசுத் திட்டங்களில் அதற்கு இடம் குறைவு என்பதால்தான் அறக்கட்டளைகளின் பங்கு முக்கியமாகிறது.

அறக்கட்டளை என்பது தனிமனிதரோ குடும்பமோ நிறுவனமோ பொதுநலத்துக்கென்று ஒதுக்கிவைத்த சொத்தை அறங்காவலர்கள் நிர்வகிக்கும் அமைப்பாகும். தொடாமல் வைத்திருக்கும் முதல் ‘மூலநிதி’ எனப்படும். அதன் வருவாயிலிருந்து களப்பணி செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குத் திருப்பிக் கேட்காமல் வழங்கப்படும் தொகை ‘நல்கை’ எனப்படும். 1919இல் உருவான சர் ரத்தன் டாடா அறக்கட்டளை, 1932இல் உருவான சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை உள்ளிட்ட டாடா அறக்கட்டளைகளிடம் டாடா சன்ஸ் நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு இருப்பது இந்த முறையின் மிகப் பெரிய இந்திய எடுத்துக்காட்டாகும்.

கருணாபுரத்தின் துயரத்தோடு நேரடியாகத் தொடர்புடைய அறக்கட்டளை ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. குடிநோயால் கணவர் டி.டி. ரங்கநாதனை 1979இல் இழந்த சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டே சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார்; டி.டி.கே. மருத்துவமனை அதன் சிகிச்சை மையமாகும். நகரத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற கூலித் தொழிலாளரால் இயலாது என்பதை உணர்ந்து, அந்த அமைப்பு 1989இல் அப்போதைய தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடியில் ஊர் முகாம் முறையைத் தொடங்கியது. இம்முறையில் உள்ளூர் அமைப்பு ஒன்று இடத்தையும் உணவையும் ஏற்பாடு செய்து நோயாளிகளை இனங்காண, மருத்துவரும் செவிலியரும் ஆலோசகர்களும் ஏறத்தாழ 15 நாள்கள் அங்கேயே தங்கிச் சிகிச்சை தருகின்றனர். குடும்பத்தினரும் அமர்வுகளில் பங்கேற்கின்றனர். முகாமுக்குப் பின் நோயாளிகளைத் தொடர்ந்து சந்திக்கும் பொறுப்பும் பெருமளவு உள்ளூர் அமைப்பையே சார்ந்தது. அந்த அமைப்பு வலுவிழந்தால் முகாமின் பயனும் கரைந்துவிடும் என்பதால், மருந்துச் செலவுக்கு நிகராக அதன் ஊழியர் சம்பளமும் சிகிச்சையின் பகுதியே என்று கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில், தருமபுரி மாவட்டத்தில் உள்ள சிட்லிங்கி பள்ளத்தாக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினரே இங்கும் பெரும்பான்மையினர். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் குடிசை ஒன்றில் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து ஊர்தோறும் அனுப்பிய உழைப்பால் அந்த எண்ணிக்கை பின்னர் 20ஐ ஒட்டிக் குறைந்தது. இயற்கை வேளாண்மைச் சங்கமும், லம்பாடிப் பெண்களின் தையற்கலைக் கூட்டமைப்பான ‘பொற்கை’யும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. இந்த மாற்றத்துக்குத் தேவைப்பட்ட காலம் பத்தாண்டுகளைத் தாண்டியது. இரண்டு மூன்று ஆண்டுக் கெடுவோடு வரும் நல்கையால் மட்டும் இத்தகைய பணி நிலைத்திருக்க முடியாது.

இன்று இந்தியத் தொண்டு நிறுவனங்கள் பெரிதும் நம்பியிருப்பது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. எனவே தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டங்களை நோக்கியே இப்பணம் சாய்கிறது. கள்ளக்குறிச்சியோ வேளாண்மையை நம்பிய மாவட்டம்; மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள சர்க்கரை ஆலைகள் கூட்டுறவுச் சங்கங்களாக இருப்பதால் இந்தச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது.

செலவு விதிகளும் சிறிய அமைப்புகளையே அதிகம் இறுக்குகின்றன. சமூகப் பொறுப்பு நிதியில், நிதி தரும் நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு 5 விழுக்காடு வரம்பு உண்டு. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் வரம்பை, அதற்கான சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்ததோடு, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பகிர்வதையும் தடை செய்தது. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவும் தணிக்கை அறிக்கை தயாரிக்கவும் ஆள் இல்லாத மலையூர்க் குழு ஒன்று, முன்பு நகரத்துப் பெரிய அமைப்பின் வழியாகப் பெறக்கூடியதாக இருந்த வெளிநாட்டு உதவிக்கான பாதை அத்துடன் அடைபட்டது. கணக்குக் கேட்பது நியாயம். கணக்கெழுதுபவரின் சம்பளத்தை வீண்செலவாகக் கருதிக்கொண்டே கணக்குக் கேட்பதில் நியாயமில்லை.

கொடையாளர் திட்டமிடாத இடத்திலும் சமூக மாற்றம் முளைக்கும் என்பதற்கு ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் சான்றாகும். 1990களின் தொடக்கத்தில் முழு எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புகளில் கூடிய துபகுண்டா ஊர்ப் பெண்கள், தங்கள் ஊரின் சாராயக் கடையை மூடவைத்தனர். போராட்டம் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை விதித்தது. எழுத்தறிவுக்கென்று செலவிடப்பட்ட பணம் பெண்கள் தினமும் கூடுவதற்கு ஓர் இடத்தைத் தந்திருந்தது, அவ்வளவே. இத்தகைய எதிர்பாராத விளைவுகளுக்கு இடம் விடுவதே நோக்கத்தை வரையறுக்காத நல்கைகளின் வலிமை. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2021இல் கூஞ்ச், ஜன் சாகஸ் போன்ற இந்திய அமைப்புகளுக்கு வழங்கிய நிபந்தனையற்ற கொடைகள் பெரிதும் பேசப்பட்டதற்கும் காரணம் இதுவே.

1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த கல்வராயன் மலையின் மேம்பாட்டை, கருணாபுரம் சம்பவத்துக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, ரேஷன் போன்றவற்றை அரசை நோக்கி நீதிமன்றம் வலியுறுத்த முடியும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் நில உரிமை கோரும் ஒரு குடும்பத்துக்கு மனு எழுதி, கிராம சபையில் வைத்து, நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு வரை உடன் செல்லும் உள்ளூர் இளைஞர் ஒருவரின் ஐந்தாண்டுச் சம்பளத்தை எந்தத் தீர்ப்பும் தருவதில்லை. அதைத் தரக்கூடியவை அறக்கட்டளைகளே.