விருந்தாளிக்குப் போட்டுக் காட்ட ஒரு டிவிடி

ஹோம் தியேட்டர் வாங்கி வைத்தவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் சரி, காபி வருவதற்குள் அவரைச் சோபாவில் உட்கார வைத்து, ஒரு சண்டைக் காட்சியைப் போட்டு மிரட்டிவிட வேண்டும். எனக்கும் இருந்தது. ஆனால் நமக்குப் பிடித்த காட்சி ஒரு படத்தில் நாற்பதாவது நிமிஷத்தில் இருக்கும், அடுத்தது வேறு டிஸ்க்கில் இருக்கும். டிஸ்க்கை மாற்றி, எச்சரிக்கை வாசகங்களைத் தாண்டி, மெனுவைத் தாண்டி உள்ளே போவதற்குள் வந்தவர் பேப்பரைக் கையில் எடுத்துவிடுவார். அதனால்தான் நல்ல காட்சிகளை மட்டும் வெட்டி ஒரே டிவிடியில் எழுதிக்கொள்ளும் வேலையில் இறங்கினேன்.

இரண்டு முறை செய்தேன். முதல் டிஸ்க்கை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அது என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. எப்படி என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதல் டிஸ்க்: வெடி மேல் வெடி

முதல் டிஸ்க்கில் என்ன போட்டிருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். 2000-ல் வந்த 'யு-571' படத்தில் நீர்மூழ்கிக் கப்பலைச் சுற்றி வெடிக்கும் ஆழ்கடல் குண்டுகள். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் கடற்கரைச் சண்டை. அப்புறம் டைனோசர், விமானம், இடி. சத்தத்துக்குப் பெயர் போன படங்கள்தான் எல்லாம். முதல் இரண்டும் ஒலிக்காக ஆஸ்கர் வாங்கியவை. சோபா அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கிர்ரென்றது, வந்தவர்கள் "சூப்பர் சார்" என்றார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக இப்படியே ஓடியது.

ஒரு நாள் என் தாய்மாமா வந்தார். நாற்பது வருஷம் மிருதங்கம் வாசித்தவர். குண்டு வெடிப்பதையெல்லாம் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாட்டு ஏதாவது இருந்தா போடேன்" என்றார். ஒரு கச்சேரி சிடியை எடுத்து, தனி ஆவர்த்தனத்திலிருந்து போட்டேன். இரண்டு நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, இந்த ஆளு தொப்பிக்கு ரவை வைக்காமலே மேடையேறிட்டாரா?"

மிருதங்கத்தின் இடது பக்கம் தொப்பி. கச்சேரிக்கு முன்னால் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். அந்தக் கனம்தான் 'கும்' என்ற அடிநாதத்தைக் கொடுக்கிறது. ரவை இல்லாவிட்டால் வெறும் தோல் சத்தம்தான். வாசித்தவர் பெரிய வித்வான், அவர் மறந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் தொப்பியைத் தொலைத்தது என் வீட்டுப் பெட்டிகள்தான்.

தொப்பி எங்கே போச்சு?

கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. விஷயம் இதுதான். சின்ன ஸ்பீக்கர்களால் அடிநாதம் தர முடியாது. அதனால் ரிசீவர் 80 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு எல்லை வைத்து, அதற்குக் கீழே இருப்பதை சப்வூஃபருக்கு அனுப்புகிறது. ஆனால் இந்த எல்லை சுவர் மாதிரி இல்லை, சரிவு மாதிரி. எல்லையை ஒட்டிய ஒலிகளை ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்தேதான் வாசிக்கின்றன. அப்போது இரண்டும் காற்றை ஒரே நேரத்தில் முன்னே தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

என் சப்வூஃபரின் பின்னால் 'ஃபேஸ்' என்று ஒரு சுவிட்ச், 0 அல்லது 180. மாட்டிய நாளிலிருந்தே அது தப்பான பக்கத்தில் இருந்திருக்கிறது. தொப்பியின் நாதமும் ஆண் குரலின் அடிப்பகுதியும் அந்த எல்லையை ஒட்டித்தான் விழுகின்றன. அங்கேதான் என் அறையில் பெரிய பள்ளம்.

சரி, அவ்வளவு வெடிகளில் இது ஏன் தெரியவில்லை? ஆழ்கடல் குண்டின் அதிர்வில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே, சப்வூஃபர் மட்டும் தனியாக வாசிக்கும் இடத்தில் இருக்கிறது. சண்டை போட அங்கே வேறு ஸ்பீக்கரே இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் உட்கார்ந்து குண்டு வெடிப்பதை நானும் கேட்டதில்லை, என் வீட்டுக்கு வந்தவர்களும் கேட்டதில்லை. அசல் எப்படி இருக்கும் என்று தெரியாத சத்தத்தில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பெரிய சத்தம் என்றால் நல்ல சத்தம் என்று எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் சோதிக்க வேண்டுமா? 80 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாகப் போட்டு நீங்கள் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். இன்னொருவரை விட்டு அந்த சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி. எப்போதும் 0 தான் சரி என்று நினைக்க வேண்டாம். சப்வூஃபர் இருக்கும் தூரத்தைப் பொறுத்து அது மாறும்.

இரண்டாவது டிஸ்க்: வரிசை

அதன்பிறகு பழைய டிஸ்க்கை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று செய்தேன். வரிசை இது:

1. பெயர் சொல்லும் குரல். என் மகள் "முன் இடது", "நடு", "பின் வலது" என்று ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் கூப்பிடுவாள். ஆடாசிட்டியில் பதிவு செய்து 5.1 ஆக மாற்றியது. ஒயர் இடம் மாறியிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

2. பின்னணி இசையே இல்லாமல் இரண்டு பேர் பேசும் காட்சி. ரிமோட்டைத் தொடாமல் ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். சினிமாவில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அது டிவி ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருந்தால் குரல் குடத்துக்குள்ளிருந்து வரும்.

3. மாமாவின் மிருதங்கம். இதற்கு இனி விளக்கம் தேவையில்லை.

4. 2004-ல் ஜாங் யீமோ எடுத்த 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்' படத்தில், வட்டமாக நிறுத்திய முரசுகள் மேல் அவரைவிதையை எறிய, அந்தச் சத்தத்தை வைத்தே ஆடும் காட்சி. ஒலி நம்மைச் சுற்றி வர வேண்டும். நடுவில் எங்கேயாவது அறுந்தால் பின் ஸ்பீக்கரின் சத்த அளவோ இடமோ சரியில்லை.

5. 2003-ல் வந்த 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' படத்தின் தொடக்கம். மூடுபனி, கப்பல் மரம் முனகும் சத்தம், அதற்கப்புறம்தான் பீரங்கி. இந்தப் படமும் ஒலித்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கியது. அந்த முனகலை வெட்டிவிட்டு பீரங்கியை மட்டும் வைத்தீர்கள் என்றால் காட்சி செத்துவிடும். அமைதி இருந்தால்தான் வெடி வெடியாக இருக்கும்.

மொத்தம் 20 நிமிஷம். 4.7 ஜிபி டிஸ்க்கில் நல்ல தரத்திலேயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கொள்ளும், விருந்தாளி கொள்ள மாட்டார்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

எல்லாம் நான் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகள், வீட்டை விட்டு வெளியே போவதில்லை. தொழில்நுட்பமாக நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது நாலு:

ஒன்று, மறுபடி சுருக்காமல் வெட்டுங்கள். டிவிடியின் எம்பெக்-2 படத்தில் சுமார் அரை விநாடிக்கு ஒருமுறை முழுப்படம் வரும், அங்கே வெட்டினால் தரம் அப்படியே இருக்கும்.

இரண்டு, சில மென்பொருள்கள் கேட்காமலேயே 5.1 ஒலியை ஸ்டீரியோ ஆக்கிவிடும். எழுதுவதற்கு முன் ஆறு சேனலும் இருக்கிறதா என்று பாருங்கள். அடிமடியிலேயே கை வைக்கும் வேலை இது.

மூன்று, சிடியின் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ், டிவிடிக்கு 48 வேண்டும். மாற்றித்தான் சேர்க்க வேண்டும்.

நாலு, பிஏஎல் டிஸ்க்கையும் என்டிஎஸ்சி டிஸ்க்கையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், பல பிளேயர்கள் முரண்டு பிடிக்கும். பிஏஎல்லில் சினிமா 24-க்குப் பதில் 25 ஃபிரேம் வேகத்தில் ஓடுவதால் சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். நமக்குத் தெரியாது, பாடுகிறவர் வந்தால் முகத்தைச் சுளிப்பார்.

மாமா மறுபடி வந்தபோது எதுவும் சொல்லாமல் மூன்றாவதை ஓட விட்டேன். அவரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. "ரவை வச்சுட்டான்" என்றார்.

இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று நான் கேட்பதில்லை. "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தம் எது?" என்றுதான் கேட்கிறேன். போன மாதம் வந்தவர் ரயில்வேக்காரர். ஆறாவதாக ஒரு கூட்ஸ் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.